ஒரு போகம் முடிந்தபின் எழுதும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில், அணைக்கட்டு ஒன்றியத்துப் பீஞ்சமந்தை பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். இந்த மடலை ஆவணியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஊரில் தங்கி வேலை செய்ய வந்த நாக்பூர் தங்கச்சியும் தேனித் தம்பியும் 13 மாதம் எங்களோடு இருந்துவிட்டுக் கிளம்பிய அன்றே, "நீ ஒரு நன்றி எழுதுக்கா" என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். நான்தான் இருக்கட்டும் என்றேன். அவர்கள் இல்லாமல் ஒரு அறுவடையை நாங்கள் தாண்டிவிட வேண்டும், சாமையை அரிசியாக்கும் மிஷின் ஓட வேண்டும், கணக்கு நேராக நிற்க வேண்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்தேன். கார்த்திகை அறுவடை முடிந்து தையும் பிறந்துவிட்டது. நேற்று கடைசி மூட்டையை அரைத்து, மிஷினைத் துடைத்து, சாக்கைப் போட்டு மூடினோம்.

சாமை எங்கள் மலைக்குப் புதிதில்லை. ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் கதிர் சாயும். விளைவித்துவிடலாம், அரிசியாக்குவதுதான் பாடு. இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட்டுக் குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போய்விடும். அதனால் வீட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை உமியோடு அப்படியே வியாபாரிக்குப் போட்டுவிடுவோம். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. வேலூர் கடையில் சாமை அரிசி, நாங்கள் போட்ட விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் விற்றது. எங்கள் வாசலில் அந்த வருஷமும் பழைய விலைதான்.

அந்த ஆடியில்தான் இவர்கள் வந்தார்கள். ஃபெலோஷிப் என்றார்கள். படித்து முடித்த பிள்ளைகள் ஒரு வருஷத்துக்கு மேல் கிராமத்திலேயே தங்கி, அந்தப் பக்கம் ஏற்கெனவே வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வேலையை எடுத்துச் செய்வார்கள். செலவுக்கு மாதம் ஒரு தொகை வரும். ஸ்டேட் பேங்க் நடத்தும் யூத் ஃபார் இந்தியா 2011லிருந்து இருக்கிறது, அதுவும் 13 மாதம்தான். அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்ய, நம் தமிழ்நாடு அரசும் 2022ல் முதலமைச்சர் ஃபெலோஷிப் என்று இரண்டு வருஷத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, இன்னும் இரண்டு பேர் நோட்டும் போனுமாக வந்திருக்கிறார்கள் என்பதுதான். முன்னாலும் வந்திருக்கிறார்கள். வீடு வீடாகக் கேள்வி கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார், "எத்தனை நாள்?" என்று. "சாமை ரெண்டாவது தடவை விதைச்சு முளைக்கிற வரைக்கும்" என்றான் தம்பி. அவன் வேளாண்மை படித்தவன். அந்தப் பதில் பெரியவருக்குப் பிடித்துவிட்டது.

முதல் இரண்டு மாதமும் அவர்கள் எதையும் ஆரம்பிக்கவில்லை. இதற்குத்தான் என் முதல் நன்றி. தங்கச்சி எங்களோடு களை எடுத்தாள், தண்ணீர் சுமந்தாள், ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து தமிழ் எழுதிப் பழகினாள். முதலில் அவளுக்கு வந்த தமிழ் "இன்னாக்கா". குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மிஷின் என்ற பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. புரட்டாசியில் ஒரு கூட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இந்தக் காய்ப்பு எங்க அம்மாவுக்கும் இருந்திச்சு, எங்க ஆயாவுக்கும் இருந்திச்சு, என் பொண்ணுக்கு வேணாம்" என்றாள். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

சரி, மிஷின் வந்த கதை. எங்கள் ஊருக்கு வருவது சிங்கிள் பேஸ் கரண்ட். பெரிய மோட்டார் ஓடாது. கோவைப் பக்கம் விசாரித்து, சிங்கிள் பேஸில் ஓடுகிற சின்ன மிஷினாகப் பார்த்தார்கள். சுற்றுகிற சக்கரம் சாமையை வீசி ரப்பர் சுவரில் அடிக்கும், உமி கழன்றுவிடும், காற்றாடி அதை வெளியே தள்ளும். பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. மார்கழியில் முதல் மூட்டையைப் போட்டோம். பாதி நொய்யாகப் போனது, மீதியில் உமி போகவே இல்லை. ஒரு மூட்டைச் சாமை என்பது எங்கள் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தங்கச்சி வந்து எல்லார் முன்னாலும், "அவசரப்பட்டது நாங்கதான், அந்த மூட்டைக்குப் பணம் நாங்க தர்றோம்" என்றாள். குழு வாங்கவில்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தது எங்கள் ஆயா ஒருவர். எழுபதைத் தாண்டியவர். களத்திலிருந்து நாலு சாமையை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். "சத்தம் வரல. இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றார். வேறொரு சாக்கிலிருந்து எடுத்துக் கடித்து, "இது ரொம்பக் காஞ்சிட்டுது, உடையும்" என்றார். தம்பி உடனே ஈரம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தான். ஆயா கடித்துச் சொல்வதை ஒரு பக்கமும், கருவி காட்டுவதை ஒரு பக்கமும் ஒரு வாரம் முழுக்க எழுதினான். இரண்டும் ஒத்துப்போயின. அதோடு, பொடிச் சாமையும் பருஞ்சாமையும் கலந்து போட்டால் பருசு உடையும், பொடிசு உமியோடு தப்பிவிடும் என்பதும் தெரிந்தது. சல்லடை போட்டுப் பிரித்து, தனித்தனியாக அரைக்க ஆரம்பித்தோம். இன்றைக்கும் மிஷின் பக்கத்துச் சுவரில் தங்கச்சி தன் கோணல் எழுத்தில் எழுதியது இருக்கிறது: "ஆயா கடித்துப் பார்த்த பிறகே போடவும்." கருவி அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பேட்டரி வாங்க மலை இறங்க வேண்டும். ஆயாவிடம் கற்றுக்கொண்ட நாலு பேர் இப்போது ஊரிலேயே இருக்கிறோம்.

ஒடுகத்தூரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு இறங்கும் ஜீப்பில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போவோம். கண்டென்சர் எரிந்துபோன முதல் தடவை அவரே மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது தடவை என் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, "நீயே கழட்டும்மா, நான் பார்க்கிறேன்" என்றார். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது ஓட்டியதால்தான் எரிந்தது என்று அவர்தான் சொன்னார். இப்போது காலையில் மட்டும் ஓட்டுகிறோம். பழுது பார்த்த கூலியைச் சாமை அரிசியாக வாங்கிக்கொண்டார்.

காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 100 ரூபாய் கட்டினோம். ஒன்றிய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதல் கிடைக்கும் என்று தம்பி கண்டுபிடித்து வந்தான். மனு ஒரு தடவை திரும்பி வந்தது. அவன் திருத்தவில்லை, எங்களைத் திருத்த வைத்தான். மூன்று ராத்திரி ஆனது. எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த மனுவின் நகல் இருப்பதால்தான் இந்தத் தையில் பேங்க் கேட்ட பேப்பரை ஒரு நாளில் தயார் செய்தேன்.

நடுவில் ஒரு நாள் எங்களில் ஐந்து பேரைக் கே.வி.குப்பத்துக்கு அழைத்துப் போனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராம சுகாதார, சமூகப் பணிப் பிரிவான ரூசா அங்கே 1977லிருந்து வேலை செய்கிறது. வெளியிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்கள் நம் வடஆற்காட்டுக்குப் புதிதில்லை என்று எனக்கு உறைத்தது அங்கேதான். ஒரு பெண்கள் குழுவின் பழைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். எழுதியவர் கை மாறியிருந்தது, கணக்கு அறுபடவில்லை. அதைப் பார்த்துத்தான் நானும் பிளஸ் டூ படிக்கும் என் நாத்தனார் மகளுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

கடைசி இரண்டு மாதம் எனக்கு மனசு கனத்த மாதங்கள். தங்கச்சி மிஷினைத் தொடவே மாட்டாள். பெல்ட் கிறீச்சென்று கத்தும், நாங்கள் அவளைப் பார்ப்போம், அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நாங்களே நிறுத்தி, இறுக்கி, மறுபடி ஓட்டுவோம். அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரியும். கடைக்காரர்களின் போன் நம்பரெல்லாம் என் போனுக்கு மாறின. வேலூர் கடை ஒன்று, கல் இருக்கிறது என்று பத்துக் கிலோவைத் திருப்பி அனுப்பியபோதும் அவர்கள் பேசவில்லை, நான் பேசினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் பேசினேன். மாற்றிக் கொடுத்தோம். அந்தக் கடை இன்னும் நம்மிடம் வாங்குகிறது.

அவர்கள் போன பிறகு பெல்ட் ஒரு தடவை அறுந்தது, கண்டென்சர் ஒரு தடவை போனது. இரண்டையும் நாங்களே மாற்றினோம். இந்தப் போகத்தில் எங்கள் குழுவில் ஒரு வீடுகூட உமியோடு சாமையை வியாபாரிக்குப் போடவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன், தங்கச்சி.

மழையில் ஜீப் வராத நாளில் மூட்டையைத் தோளில் இறக்கிக் கொடுத்த பையன்களுக்கும், மிஷின் வைக்கப் பழைய மாட்டுக்கொட்டகையை வாடகை இல்லாமல் விட்ட பெரியப்பாவுக்கும், எங்கள் சந்தேகங்களுக்கு முகம் சுளிக்காத மகளிர் திட்ட அக்காவுக்கும் குழுவின் நன்றி. அப்புறம், பிள்ளைகளை ஒரு வருஷம் கண் காணாத மலைக்கு அனுப்பிவிட்டு, சிக்னல் கிடைக்காத போனுக்காகக் காத்திருந்த இரண்டு அம்மாக்களுக்கும். நீங்கள் பட்ட பயம் எனக்குத் தெரியும், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தங்கச்சி, உன் அம்மா விரத நாளில் பகர் என்று ஒரு சின்ன தானியம் சமைப்பார்கள் என்று சொல்வாயே. ஐந்து கிலோ சாமை அரிசி பார்சலில் வருகிறது, தம்பி வீட்டுக்கும் ஐந்து கிலோ. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கொதித்தபின் போட்டு மூடி, தணலைக் குறைக்கச் சொல். ஆயா கடித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்.