எச்சரிக்கை கடைசி வீடுவரை போகட்டும்

பேரிடர் மேலாண்மைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று இரண்டு மூன்று நாள் முன்பே உங்களால் ஓரளவு சரியாகச் சொல்லிவிட முடிகிறது. பெரிய சாதனைதான். ஆனால் செய்தி கிடைத்தும் பலர் வீட்டைவிட்டு நகர்வதில்லை. அதைப் பிடிவாதம் என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

மாட்டை எங்கே கட்டுவது? பூட்டிய வீட்டுக்கு யார் காவல்? நடக்க முடியாத அம்மாவை யார் தூக்குவார்கள்? முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் இரவில் விளக்கும் இருக்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாதவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அவர் நிலையில் நாம் இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

1970 போலா புயலில் இன்றைய வங்கதேசக் கரையோரம் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். புயல் வருவது முன்பே தெரிந்திருந்தது. கரையோர மக்களிடம் அது உரிய விதத்தில் போய்ச் சேரவில்லை. அதன்பின் அந்நாட்டு அரசும் செம்பிறைச் சங்கமும் (அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயர் அது) சேர்ந்து தொண்டர் படை ஒன்றை வளர்த்தன. இன்று அதில் 70,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், பாதிப்பேர் பெண்கள். கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடு வீடாகப் போகும் இவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கால்நடைகளை ஏற்றி நிறுத்த மண்மேடுகளும் கட்டினார்கள். 2020இல் ஆம்பன் புயலின்போது அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது.

இந்தோனேசியாவின் சிமலூ தீவில் எச்சரிக்கைக்கே நேரம் இருக்கவில்லை. 2004 நிலநடுக்கம் முடிந்த சில நிமிடங்களில் சுனாமி அலை வந்துவிட்டது. அதே தீவைத் தாக்கிய 1907 சுனாமியைப் பற்றிப் பாட்டாகவும் கதையாகவும் கேட்டு வளர்ந்தவர்கள், நிலம் பலமாக ஆடியதுமே மேட்டுக்கு ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

பேரிடர் இழப்பைக் குறைக்க 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் நாடுகள் ஒப்புக்கொண்ட செயல்திட்டம் 2030வரை ஓடுகிறது. 2027க்குள் உலகில் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐ.நா.வும் இலக்கு வைத்திருக்கிறது. அலைபேசிக் கோபுரம் எட்டும் இடத்தையெல்லாம் ‘கிடைத்துவிட்டது’ என்று கணக்கில் சேர்த்தால் எனக்கு அது ஏற்புடையதல்ல. செய்தி வந்து, அது புரிந்து, போக ஓர் இடமும் கூட்டிப்போக ஓர் ஆளும் இருந்தால்தான் கிடைத்ததாக அர்த்தம்.

ஆகவே கேட்கிறேன்: நிவாரணத்துக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கை இப்போதே தெருத்தெருவாக இப்படியொரு தொண்டர் படை அமைக்கக் கொடுங்கள். ஒலிபெருக்கியின் பேட்டரிக்கும் தொண்டரின் போக்குவரத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். முதல் ஆண்டோடு அது நின்றுபோனால் படையும் கலைந்துவிடும். யாரைத் தூக்க வேண்டும், யார் தூக்குவார் என்ற பட்டியலை அந்தத் தெரு மக்களே எழுதட்டும். சொன்ன புயல் திசைமாறிப் போனால், மறுநாளே வந்து காரணத்தை விளக்குங்கள், அப்போதுதான் அடுத்த முறை நம்புவார்கள்.

அப்புறம், ஒத்திகையைப் பகலில் மட்டும் நடத்தாதீர்கள். இரவிலும் நடத்துங்கள், சக்கர நாற்காலியில் இருப்பவரையும் சேர்த்து. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, கடைசி ஆள் முகாம் வந்துசேர எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் அறிக்கையில் எழுதி, அந்த ஊரிலேயே ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள குடிமக்களில் ஒருவர்