நேரலையில் நாற்காலி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு ஆராதனையைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாமே, எதற்கு வெயிலில் கிளம்ப வேண்டும் என்று கேட்பவர்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டிலும் பெருகிவிட்டார்கள். என் மகனும் அதில் ஒருவன், அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நேரலை மட்டும் இல்லாவிட்டால் அந்த வருஷத்துப் புனித வெள்ளியும் ஈஸ்டரும் எங்களுக்கு வெறும் நாள்களாகப் போயிருக்கும், மறக்கவில்லை. சரி, கட்டுப்பாடு எப்போதோ போய்விட்டது. சிலர் மட்டும் இன்னும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எட்டோ ஒன்பதோ கிறிஸ்தவக் குடும்பங்கள், தனியாக ஆலயம் கிடையாது, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பாய் விரித்து ஜெபம் நடக்கும், போதகர் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார், மற்ற வாரங்களில் எங்கள் அப்பாவே பாட்டு எடுத்துக் கொடுப்பார், சுருதி எங்கேயோ போகும், யாரும் கண்டுகொள்வதில்லை. இந்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள் (பிஸ்கட்டுக்காகத்தான், எங்களுக்குத் தெரியும்). அப்புறம் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், குடும்பங்கள் ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போய்விட்டன. தினமும் முகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.

போன மாதம் போதகர் ஒன்று சொன்னார். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், கலைந்துபோய் மறுபடி கூடிச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று இருக்கிறதாம். அவர்களைப் பிடித்துத் தண்டித்த ஆளே எழுதியது! விடியுமுன் என்றதும், பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது) எழுந்து பழகிய எங்கள் கிழவர்கள் தலையாட்டினார்கள். கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் 10:25 சொல்வதும், அந்தக் காலத்திலேயே சிலர் விட்டுவிட்டதால்தான்.

அதெல்லாம் இருக்கட்டும், என்னை எழுத வைத்தது ஒரு பாட்டி. மூன்றாவது வரிசை, காற்றாடிக்கு நேர் கீழே அவர் இடம். கைக்குட்டை முடிச்சில் பிள்ளைகளுக்குப் பெப்பர்மிண்ட் இருக்கும். இரண்டு ஞாயிறு அந்த நாற்காலி காலி. மருமகளுடைய கைப்பேசியில் ஆராதனையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எல்லாரும் நினைத்தோம், நானும்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. முன்பென்றால் ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதே "பாட்டி எங்கே?" என்று யாராவது கேட்டிருப்பார்கள், மத்தியானத்துக்குள் ஒருவர் அவர் வாசலில் நின்றிருப்பார். திரையில் 37 பேர் பார்க்கிறார்கள் என்று வரும். அதில் பாட்டி இருக்கிறாரா என்று யார் பார்ப்பது?

படுக்கையில் இருப்பவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள், சிங்கப்பூரில் பிழைக்கும் பிள்ளைகள் தாராளமாக நேரலையில் பார்க்கட்டும். கால் நன்றாக இருப்பவர்களைத்தான் சொல்கிறேன். பாட்டியே இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார். ஆராதனை ஒன்பது மணிக்கு. இந்த வாரம் மீஹூன் (அரிசி நூடுல்ஸ்) சமைப்பது என் முறை. மகனே, நீ பத்திரிகையாவது படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறேன்.

தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேரா