சேர்வராயன் மலைக்கு ஒரு ஜீப்: ஒரே பேட்ச் பட்டாளத்தாரின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சேர்வராயன் மலையில் தார்ச் சாலை எட்டாத ஊர்களிலிருந்து அடிபட்டவர்களைக் கொண்டுவர ஒரு ஜீப் வாங்க வேண்டும். அதற்கு உங்கள் உதவியைக் கேட்கிறோம். கேட்பவர் யார் என்று தெரியாமல் யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

நீலகிரி மலையில் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் ஒரே பேட்சில் சேர்ந்து, ஒரே பாரக்கில் படுத்து, பயிற்சி தந்த ஒரே உஸ்தாதிடம் திட்டு வாங்கியவர்கள் நாங்கள். 1758-லிருந்து வரலாறு உள்ள அந்த ரெஜிமென்ட்டின் சிப்பாயைப் பட்டாளத்தில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். வடக்கிலிருந்து வந்த அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் பேட்சில் சேலத்துக்காரர்கள் சிலர். மற்றவர்கள் பாலக்காடு, சித்தூர், கோலார் பக்கத்தவர்கள். தாய்மொழி நான்கு, கட்டளை இந்தியில், சண்டை முழக்கம் 'வீர மதராசி, அடி கொல்லு' என்று தமிழில். இன்று எங்களுக்கு அறுபதை ஒட்டிய வயது. இப்போதும் தொலைபேசியை எடுத்ததும் முதல் சொல் 'தம்பி'தான்.

அந்தப் பேட்சில் சேர்வராயன் மலையில் பிறந்த ஒருவன் இருந்தான். சேலத்து வெயிலில் வளர்ந்த நாங்கள் வெலிங்டன் குளிரில் பல் கிடுகிடுக்க நின்றபோது, அவன் மட்டும் அதிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வருவான். ரூட் மார்ச் என்னும் நெடுநடைப் பயிற்சியில் நாங்கள் தளர்ந்தால் எங்கள் முதுகுப் பையையும் சேர்த்துச் சுமப்பான். பணி முடிந்து ஊர் திரும்பியவன், அப்பா விட்டுப்போன அரை ஏக்கரில் காப்பியும் மிளகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

காப்பித் தோட்டத்து மிளகு பற்றி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் மீதுதான் மிளகுக் கொடி ஏறும். பறிப்பவர் ஒற்றை மூங்கிலில் கணு விட்டுச் செய்த ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பை கட்டி ஏற வேண்டும். ஒரு தை மாதக் காலையில், பனி ஈரம் காயாத அந்த மூங்கிலில் அவன் கால் வழுக்கியது.

விழுந்தபோது நினைவு இருந்தது, பேசினான். ஊர்க்காரர்கள் கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி, ஒற்றையடிப் பாதையில் நான்கு கிலோமீட்டர் சுமந்தார்கள். 108 வண்டியைக் குறை சொல்ல முடியாது. தார் முடிகிற இடம் வரை வந்து காத்திருந்தது. தூக்கியவர்களையும் குறை சொல்லக் கூடாது. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு உயிரைக் காக்கப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் முதுகெலும்பு முறிந்தவனைத் தூளியில் போட்டால் உடம்பு வில்லாக வளையும். காயம் விழுந்ததில் பாதி, வந்த வழியில் பாதி என்றார் மருத்துவர். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. எட்டு மாதம் படுக்கையில் இருந்தான். படுக்கைப் புண் அவனைக் கொண்டுபோயிற்று.

அடிபட்டவனை எப்படித் தூக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். பட்டாளத்தில் படித்ததை அவன் ஊருக்கு நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். ஒருவர் தோளில் கிடந்த துண்டை விரித்தார். அன்று அதில் விழுந்தது 23,500 ரூபாய். எங்கள் அறக்கட்டளை தொடங்கியது அந்தத் துண்டில்.

அவன் பெயரையே அறக்கட்டளைக்கு வைக்க விரும்பினோம். அவன் மனைவி மறுத்துவிட்டார். "அடுத்து விழுகிறவர் வீட்டிலும் இது எங்களுடையது என்று நினைக்க வேண்டும், அண்ணா" என்றார். அதனால்தான் இந்த வேண்டுகோளிலும் அவன் பெயரோ ஊரோ இல்லை. மலையில் எங்களை இப்போது 'பலகைக்காரர்கள்' என்கிறார்கள். அதைவிடப் பொருத்தமான பெயரை நாங்களும் யோசித்து வைத்திருக்க முடியாது.

பலகை என்றால் அடிபட்டவரை முதுகு வளையாமல் கிடத்தித் தூக்குவதற்கானது. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரங்களில் கை நுழைக்கத் துளைகள், நான்கு வார்கள், தலைக்கு இருபுறமும் அசையாமல் பிடிக்கும் திண்டு. இதுவரை 9 ஊர்களில் ஊருக்கொன்றாக வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி தருகிறோம். தலையைப் பிடிப்பவர் எண்ணுவார். மூன்று என்றதும் எல்லோரும் ஒரே அசைவில் அடிபட்டவரைப் பக்கவாட்டில் உருட்டிப் பலகையை அடியில் செருக வேண்டும். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் திரும்ப வேண்டும். காப்பி பறிக்கும் பெண்கள் இதை எங்களைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள்.

இப்போது குறையாக இருப்பது வண்டி. பலகையில் கட்டியவரைக் கரடுமுரடான மண்பாதையில் தூக்கிவர ஆறு பேர் வேண்டும், ஆறு பேரும் களைத்துப்போவார்கள். அறுவடைக் காலத்தில் தோட்டத்து ஜீப்புகள் மூட்டை ஏற்றப் போய்விடும். கிடைத்தாலும் இருக்கைகளுக்கு நடுவே ஆறடிப் பலகை நுழையாது. பின்பக்கம் முழுவதும் திறந்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று இருந்தால், மண்பாதை வழியே தார்ச் சாலையில் 108 நிற்கும் இடம் வரையிலோ, தேவைப்பட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வரையிலோ கொண்டுவந்துவிடலாம்.

வண்டி, உட்புற மாற்றம், பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 13,00,000 ரூபாய் ஆகிறது. எங்கள் பேட்ச் பென்ஷனிலிருந்து 5,80,000 சேர்த்திருக்கிறோம். இன்னும் 7,20,000 ரூபாய் வேண்டும். டீசலுக்கும் பராமரிப்புக்கும் உங்களிடம் கேட்க மாட்டோம், அது எங்கள் மாதச் சந்தாவில் நடக்கும். ஓட்டப்போகிற இருவரும் பட்டாளத்துச் சக்திமான் லாரியைப் பனி மலைகளில் ஓட்டியவர்கள். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எந்தக் கட்சியோடும், எந்தச் சாதிச் சங்கத்தோடும் எங்களுக்குத் தொடர்பு கிடையாது. ஜீப்பின் மீது நன்கொடையாளர் பெயரும் எழுத மாட்டோம். இதில் வருத்தப்படுபவர்கள் பொறுத்தருள வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. வரிச்சலுகை கோருபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் தருவதானால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தாருங்கள். அதற்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. பணம் தர இயலாதவர்கள், பழைய ஜீப் நல்ல நிலையில் விலைக்கு வந்தால் தெரிவியுங்கள். அதுவும் பெரிய உதவி.

குழு உறுப்பினர்கள் அடுத்த ஞாயிறு முதல் ரசீதுப் புத்தகத்துடன் சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடு வீடாக வருகிறோம். தை பிறந்தால் மிளகுப் பறிப்பு தொடங்கிவிடும். மூங்கில் ஏணிகள் மரத்தில் சாய்வதற்கு முன் வண்டி மலையில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்