பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்

பாளையங்கோட்டை
சித்திரை 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். முப்பத்தாறு வருஷம் தபால் வேலையில் ஊரார் கடுதாசியை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவன், சொந்தமாக ஒன்று போடுகிறேனே. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். நீயும் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷத்தோடு வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும். குறையாகச் சொல்லவில்லை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. புறவாசல் மாமரத்தில் இந்த வருஷம் காய்ப்புக் குறைவு. பெரியத்தை பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். பச்சை டிரங்குப்பெட்டிச் சண்டையை மனசில் வைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே. பேரனை மெயின் ரோட்டில் சைக்கிள் ஓட்ட விடாதே. நீ காலையில் சாப்பிடாமல் ஆபீஸ் போகாதே.

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். நேற்றுச் சொதி வைத்தாள். எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தது, அதை விட்டுவிட்டுப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாள். சொதியில் புளி! ஆச்சி இருந்திருந்தால் சட்டியோடு தூக்கித் தெருவில் போட்டிருப்பாள். நான் பேசாமல் சாப்பிட்டேன். அம்மாவும் சாப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு நாள் தவறுவது வயசுக்கு உள்ளதுதான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். ஆனால் போன நவம்பரில் பென்ஷன் லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கைரேகை எடுக்கப் போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்தாரே, அவருக்கு அரை மணி நேரத்தில் மூன்று தடவை காபி கொடுத்தாள். மூன்று தடவையும் 'காபி சாப்பிடுதீயளா' என்று புதுசாகக் கேட்டாள். பாவம், அந்த மனுஷன் மூன்றையும் குடித்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். அலமாரியில் பெருங்காய டப்பா ஏழு இருக்கிறது. பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்து, அவர் திருப்பிக்கொண்டுவந்து தந்தார். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்ல வைத்த டீச்சர் அவள்!

பொங்கலுக்கு வந்தபோது நீ, 'அம்மா ஏம்ப்பா இப்படி இளைச்சிருக்கா' என்று கேட்டாய். 'வருஷத்துக்கு நாலு நாள் வந்துட்டுக் கணக்குக் கேக்காதே' என்றேன். நடுப்பட்டாசலில், மாப்பிள்ளை முன்னால். கிழவன் ஏதோ சொன்னான் என்று நீ விட்டிருக்கலாம். விடமாட்டாய், என்னைக் கொண்டு பிறந்தவள்.

பட்டாசலிலிருந்து அங்கணம் போகிற சுவர் மட்டும் புதுசாக இருந்ததே, கவனித்தாயா? பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம்தானே என்று நினைத்திருப்பாய். ஒற்றைச் சுவருக்கு எவன் அடிப்பான்? அம்மா அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். தோளுக்குக் கீழே எண்ணெயும் அழுக்குமாக நீளமாகக் கைத்தடம் விழுந்துவிட்டது. நீ பார்க்கக் கூடாது என்று, நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நானே ஸ்டூல் போட்டு அடித்தேன். இப்போது மறுபடியும் விழுந்துவிட்டது.

வீடியோவில் நீ கூப்பிடும்போது நான் ஏன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'என்னம்மா சாப்பிட்டே' என்று நீ கேட்டால் அவளுக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிடுவேன். அவள் தலையாட்டுவாள். அப்படியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டோம்.

தை கடைசியில் ஒரு நாள் காலையில் வேர்த்து ஊற்றி, கை நடுங்கி, என்னவோ உளறினாள். குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. சீனித் தண்ணீர் கொடுத்துத் தேறினாள். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன், தினம் ஒன்று போக வேண்டியது இரண்டாகப் போயிருக்கிறது. அன்றிலிருந்து மாத்திரை என் கையில். அப்புறம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி என்றதுமே மறதி நோய் என்று முடிவு கட்டக் கூடாதாம். தைராய்டு, உப்புச்சத்து, பி12 எல்லாம் பார்க்க வேண்டுமாம். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாமாம். அம்மாவுக்கும் குறைந்துதான் இருந்தது. ஊசி போட்டதில் கொஞ்சம் தெளிச்சி. அதோடு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்த சீட்டு பஞ்சாங்கத்துக்குள் மடித்தபடியே இருக்கிறது.

அதையும் விடு. ஒன்று சொல்ல வேண்டும். இதை அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் பேங்குக்குப் போனேன். அவளைத் தனியாக விட்டுப் போகப் பயம். அதற்கு முந்தின வாரம்தான் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வீச்சம் தெரு வரை வந்தது. அதனால் சிலிண்டரை மூடி, கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். அரை மணி என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சேலை நனைந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும், 'சாவிய எங்கேயோ வச்சுத் தொலைச்சிட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க' என்றாள்.

பூட்டியது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். 'பாத்து வைக்கக் கூடாதா' என்று சொன்னேன், பாப்பா. அன்று ராத்திரி முழுக்க அவள் தலையணைக்கு அடியில் சாவி தேடினாள். படுத்துக்கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சி கடைசியில் அப்படி ஆனபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 'எல்லாம் நடிப்பு' என்றேன். சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவேன். ஏழு வருஷம் குளிப்பாட்டியது உன் அம்மா. ஒரு நாள்கூட வெளியே பூட்டிவிட்டுப் போனதில்லை.

சரி. இனிச் செய்வது: சங்கரன் கோவில் தெரு அக்காவைக் காலை எட்டிலிருந்து ஒன்று வரை வரச் சொல்லியிருக்கிறேன். முன்னால் வந்தவளை ஸ்பூன் திருடினாள் என்று அம்மா விரட்டிவிட்டாள், ஸ்பூன் அரிசிமாவு டின்னில் கிடந்தது. இந்தத் தடவை வேலைக்காரி என்று சொல்லாமல், எனக்கு முட்டுவலி, எனக்கு ஒத்தாசைக்கு வருகிறாள் என்று சொல்லப்போகிறேன். பாதிக்கு மேல் உண்மைதான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறது. வழுக்குமோ என்ற பயத்தில்தான் குளிக்காமல் இருந்திருக்கிறாள், நான் சோம்பேறித்தனம் என்று கத்தினேன். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணைப் பேப்பரில் பார்த்துக் காலண்டரில் எழுதி ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அடிக்கவில்லை. அடிக்கிறேன்.

நீ கூப்பிட்டால் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடு. அப்போதுதான் அம்மா தெளிவாக இருப்பாள். 'நான் யாருன்னு சொல்லு', 'இன்னைக்கு என்ன கிழமை' என்று பரீட்சை வைக்காதே. உன் சின்ன வயசுக் கதையைக் கேள், நிறுத்தாமல் சொல்லுவாள். நான் பக்கத்தில் உட்கார மாட்டேன்.

வைகாசி மூன்றாம் தேதி ஸ்கேனுக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், பேரனுக்கும் டியூஷன் இருக்கும். நான் பார்த்துக்கொள்வேன். ஒருவேளை வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமல் வா. சொன்னால் மறுபடியும் வெள்ளையடித்துவிடுவேன்.

காலையில் சாப்பிடாமல் போகாதே.

அப்பா