ஸ்காஃப்லாவும் கீல்ஸும்

வேலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே வழக்கம்போல் வெயில். வேலூர்க்காரனிடம் அதை வேறு கேட்கிறாய்!

உன் பேரன் அமெரிக்காவில் பார்க்கிங் அபராதம் கட்டாமல் ‘ஸ்காஃப்லா’ பட்டம் வாங்கிய கதையைப் படித்துச் சிரித்தேன். அதற்குத் தமிழ் என்ன என்கிறாய்.

அந்தச் சொல் போட்டியில் பிறந்தது. அங்கே மதுவிலக்கு இருந்த காலம். டெல்சிவர் கிங் என்ற பணக்காரர், திருட்டுத்தனமாகக் குடிப்பவனுக்குச் சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்று 200 டாலர் பரிசு அறிவித்தார். 25,000-க்கு மேல் சொற்கள் குவிந்தன. 1924 ஜனவரியில் இது ஜெயித்தது. இரண்டு பேர் இதையே அனுப்பியிருந்ததால் ஆளுக்கு 100. ஸ்காஃப் என்றால் எள்ளுவது, லா சட்டம். குடிக்கிறவனுக்கா தைக்கும்? அதே மாதம் பாரிஸில் ஒரு பாரில் இந்தப் பெயரிலேயே காக்டெயில் கலக்கிவிட்டார்கள்! 1933-ல் மதுவிலக்கு போயிற்று. சொல் மட்டும் அபராதச் சீட்டில் ஒட்டிக்கொண்டு பிழைத்துக்கொண்டது.

நம் வட ஆற்காட்டுக்கும் 1939-ல் மதுவிலக்கு வந்ததே. உன் அப்பா சொன்ன மலையடிவாரச் சாராயக் கதைகளில் அந்த ஆளுக்கென்று தனிப்பெயர் இருந்ததாக நினைவில்லை. ‘அராஜகம்’ சரிவராது, அது அரசனே இல்லாத நிலை. ‘அடாவடி’ என்றால் கை நீளும். உன் ஸ்காஃப்லா சண்டைக்கு வருபவன் இல்லை, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறவன்.

போன வாரம் கிரீன் சர்க்கிள் பக்கம் ராங் சைடில் வந்த ஒரு பையன், என் காலருகே பிரேக் அடித்தான்.

“ரூல்ஸ் தெரியாதா தம்பி?”

“இன்னா பெருசு, ரூல்ஸாவது கீல்ஸாவது!”

கோபம் போய்விட்டது, சொல் கிடைத்துவிட்டதே! அந்தக் ‘கீல்ஸ்’தான் உன் ஸ்காஃப். ‘காபி கீபி சாப்பிட்டாயா’ என்றால் அதே கீ பிரியமாகத்தான் ஒலிக்கிறது. ‘ஆவது’ சேர்ந்தால் ஏளனம். பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ‘சட்டங்கிட்டக்காரன்’ என்று வைத்துக்கொள். நீ தமிழாசிரியர், அடிக்க வராதே.

அப்புறம், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது. நேற்று வாங்கி வரும்போது, அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முழங்கால் இடம் தரவில்லை என்று நானும் ராங் சைடில்தான் டிவிஎஸ்ஸை விட்டேன். பேரனிடம் சொல்லிவிடாதே.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்