காட்டு ஓட்ஸ் வெறும் களையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓட்ஸ் பற்றிய உங்கள் இணைப்பிதழ்க் கட்டுரை, காட்டு ஓட்ஸைக் களை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் அது களைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்ஸ் இலைகளைத் தாக்கும் பூஞ்சை நோயான மகுடத் துருவைத் தாங்கும் மரபணுக்கள் பலவும் அவெனா ஸ்டெரிலிஸ் என்ற காட்டினத்திலிருந்தே பயிருக்கு வந்தன. பயிர் ஓட்ஸ், ஸ்டெரிலிஸ் இரண்டுக்கும் 42 குரோமோசோம்கள் என்பதால் கலப்பினம் செய்தால் வளமான விதை கிடைக்கும். புரதம் மிகுந்த இன்னொரு காட்டினமான அவெனா மேக்னாவுக்கு 28 மட்டுமே. அதோடு கலந்தால் 35 குரோமோசோமுடன் வரும் செடி பெரும்பாலும் மலடு.

ஓட்ஸ் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்வதால் கலப்பினம் செய்யக் கைவேலை தவிர்க்க முடியாதது. சிறுகதிரின் கீழ்ப்பூவில் மகரந்தப்பைகள் வெடிக்குமுன் மூன்றையும் இடுக்கியால் எடுத்து, மேல்பூவைக் கிள்ளிவிட வேண்டும். பூப்பது பெரும்பாலும் பிற்பகலில். காலையில் மகரந்தம் தேடினால் கிடைப்பது அரிது. காட்டினத்தோடு மணி உதிர்தல், விதை உறக்கம், மணியின் உமியில் நீளும் முறுக்கிய கூர் ஆகியவையும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கழிக்கப் பயிர் ரகத்தோடு பலமுறை பின்கலப்பு (மீண்டும் மீண்டும் கலத்தல்) செய்தாக வேண்டும்.

‘ஒரே நல்ல ரகம் போதும்’ என்கிறது கட்டுரை. அமெரிக்காவில் துருவைத் தாங்கிய விக்டோரியா என்ற ஓட்ஸின் வழிவந்த ரகங்களே எங்கும் பரவியிருந்தன. துருவைத் தடுத்த அதே மரபணுப் பகுதி வேறொரு பூஞ்சையின் நச்சுக்கு வழிவிட்டதால், 1946-47இல் அவை பெருமளவில் கருகின. பன்முகத்தன்மையை வேண்டாத செலவு என்று எழுதுமுன் இதைப் பார்த்திருக்கலாம்.

பயிர் மரபியல் பயிற்றுநர்கள் சிலர்,
சைதாப்பேட்டை, சென்னை - 15