பதினான்காயிரத்தைத் தொள்ளாயிரத்தால் வகுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் கேள்வி பதில் பகுதியில், பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்ற வாசகர் கேள்விக்கு, 14,000 கிலோமீட்டரை 900 கி.மீ. வேகத்தால் வகுத்துப் பதினைந்தரை மணி என்று பதில் சொல்லியிருந்தீர்கள். தூரம் சரி. ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்கு, 'விமானத்துக்குக் கீழே பூமி சுழல்வதே காரணம்' என்று எழுதியதைத்தான் முப்பது வருடம் புவியியல் நடத்திய என்னால் விட முடியவில்லை.

பூமி சுழலும்போது காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. இல்லையென்றால் ஹெலிகாப்டரில் ஏறி ஓரிடத்தில் நின்றாலே போதும், அரை நாளில் அமெரிக்கா காலடிக்கு வந்துவிடும்!

உண்மையான காரணம் ஜெட் காற்று. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக, மணிக்கு இருநூறு கிலோமீட்டரையும் தாண்டி வீசக்கூடிய காற்று அது. 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் இதன் முதுகில் ஏறி நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. எதிர்த்திசையில் போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகிற வழி அது. அதைவிட நல்ல உதாரணம் நம் ஏர் இந்தியாவே. 2016 அக்டோபரில் டெல்லி-சான் பிரான்சிஸ்கோ விமானத்தைக் காற்றுக்கு எதிராக மேற்கே அட்லாண்டிக் வழியாக விடாமல், காற்றோடு சேர்ந்து கிழக்கே பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 ஆனது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்து பதினான்கரை ஆயிற்று. உங்கள் வகுத்தல் கணக்கில் இது எப்படி வரும்?

வழியும் சுவர் வரைபடத்தில் தெரிகிற மாதிரி இல்லை. உலக உருண்டையில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது திபெத், சைபீரியா என்று ஏறி அலாஸ்கா வழியாக இறங்கும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

அப்புறம் டிக்கெட்டில் போடும் நேரம். இரண்டு ஊரிலும் அந்தந்த ஊர்க் கடிகாரம்தான். மகனைப் பார்க்கப் போனபோது மதியம் கிளம்பி அதே நாள் மாலை இறங்குவதாக டிக்கெட்டில் இருந்ததைப் பார்த்து, "மூணு மணி நேரம்தானா, மதுரைக்குப் போறதைவிடச் சீக்கிரமா இருக்கே" என்றார் என் மனைவி. சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் குளிர்காலத்தில் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, கோடையில் அந்த வித்தியாசம் ஒரு மணி குறைவு. திரும்பும்போது அதற்கு வட்டி கட்ட வேண்டும். 2021 ஜனவரியில் முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிவந்த முதல் நேரடி விமானம், சான் பிரான்சிஸ்கோவில் சனிக்கிழமை இரவு கிளம்பித் திங்கள் அதிகாலைதான் பெங்களூரில் இறங்கியது. பறந்தது பதினேழு மணி நேரம் போல.

வகுத்தல் கணக்கை விட்டாலும் விடுங்கள், பூமி சுழலும் விஷயத்தை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் உங்கள் கேள்வி பதிலைக் கத்தரித்து வினாடி வினா நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
ஓசூர்.